கட்டி முடித்தபின் வந்த தீர்ப்பு: நார்வேயின் ஃபோசன் காற்றாலை வழக்கு

2021 அக்டோபர் 11 அன்று நார்வே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு, ஃபோசன் தீபகற்பத்தில் ஸ்தூர்ஹேயா, ரோன் என்ற இரண்டு காற்றாலைப் பூங்காக்களுக்கு அரசு கொடுத்திருந்த உரிமம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அங்கே காலங்காலமாகத் துருவமான் மேய்த்துவரும் ஸாமி என்ற பழங்குடி மக்களின் குடும்பங்களின் பண்பாட்டு உரிமையை அந்த உரிமம் மீறிவிட்டது என்பதே காரணம். தீர்ப்பு வந்த நாளில் அந்த இரண்டு பூங்காக்களிலும் 151 காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. தீர்ப்புக்குப் பிறகும் அவற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை.

மனித உரிமைப் பட்டியல்களில் எப்போதும் முன்வரிசையில் இருக்கும் ஓர் அரசியலமைப்பு முடியாட்சியில் இது எப்படி நடந்தது என்பதை இந்த ஆய்வு முதலிலிருந்து பதிவு செய்கிறது. மேய்ப்பர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். இதில் ஆராய வேண்டியது எந்த நாளில் யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பதைத்தான்.

மலைமுகடு ஏன் வேண்டும்?

ஃபோசன், மத்திய நார்வேயில் ட்ரொன்ட்ஹெய்ம் நகருக்கு வடக்கே கடலுக்குள் நீண்டிருக்கும் தீபகற்பம். இங்குள்ள தென் ஸாமி மேய்ப்பர்கள் தெற்கு, வடக்கு என்று இரண்டு மேய்ச்சல் குழுக்களாக இயங்குகிறார்கள். தென் ஸாமி மொழியில் இத்தகைய குழுவுக்கு 'சீய்தே' என்று பெயர். மேய்ச்சல் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு, வேலையைச் சேர்ந்து செய்யும் சில குடும்பங்களின் கூட்டு அது. தென் ஸாமி மொழி பேசுவோர் சில நூறு பேர்தான். மந்தை, பனி, காதுக்குறி, நிலத்தின் ஏற்ற இறக்கம் இவற்றுக்கான சொற்கள் அந்த வேலைக்குள்தான் புழங்குகின்றன. வேலை போனால் அந்தச் சொற்களும் போய்விடும். வழக்கின் கனம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

துருவமானுக்குக் கோடையில் தீனிக்குப் பஞ்சமில்லை. மந்தையின் அளவைத் தீர்மானிப்பது குளிர்காலம். குளிர்காலத்தில் அதன் முக்கிய உணவு தரையில் படரும் ஒருவகைக் கற்பாசி. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் இந்த உயிரினத் தொகுதியைச் சேர்ந்ததுதான். மான் பனிக்குள் மூக்கை நுழைத்து மோப்பம் பிடிக்கும். பிறகு முன்னங்குளம்பால் பனியைத் தோண்டிக் குழியாக்கி, அடியிலுள்ள பாசியைத் தின்னும். பனி பொலபொலவென்று இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. நடுக்குளிர்காலத்தில் ஒருநாள் மழை பெய்து, மறுநாள் உறைந்துவிட்டால் தரைமேல் பனிக்கட்டி மூடிபோல் இறுகிவிடும். குளம்பால் உடைக்க முடியாது, வாசமும் மேலே வராது. மேய்ப்பர்கள் இதை மேய்ச்சல் 'பூட்டிக்கொண்டது' என்கிறார்கள். கடலோர ஃபோசனில் இது அடிக்கடி நேர்வதுதான்.

அப்படிப்பட்ட நாட்களில் மந்தையைக் காப்பாற்றுவது ஸ்தூர்ஹேயா, ரோன் பகுதிகளின் உயர்ந்த முகடுகள். அங்கே வீசும் காற்று பனியை அடித்துக்கொண்டு போய்விடுவதால் பாசி வெளியே தெரியும். ஒவ்வோர் ஆண்டும் அந்த நிலம் தேவைப்படும் என்பதில்லை. தேவைப்படும் ஆண்டில் அதற்கு மாற்றும் இல்லை. மின் நிறுவனமும் அதே காற்றைத் தேடித்தான் அதே முகடுகளுக்கு வந்தது. இரு தரப்புக்கும் ஒரே இடம் ஏன் வேண்டியிருந்தது என்பதைத் திட்டத் தொடக்கத்திலேயே யாராவது ஒரு தாளில் எழுதியிருந்தால் மோதல் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்போதே நடைமுறையில் இருந்த சட்டம்

உரிமம் வழங்கப்பட்டபோது சட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை நார்வே 1972இல் ஏற்றது. அதன் 27ஆம் உறுப்பு, சிறுபான்மையினர் தங்கள் குழுவினரோடு சேர்ந்து தங்கள் பண்பாட்டைத் துய்க்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்கிறது. 1999இன் மனித உரிமைகள் சட்டம் இந்த உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கியதோடு, வேறெந்தச் சட்டத்தோடு முரண்பட்டாலும் இதுவே மேலோங்கும் என்றும் விதித்தது. பழங்குடிகள் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை 1990இல் உலகிலேயே முதலாவதாக ஏற்ற நாடும் நார்வேதான். நார்வே அரசு இரண்டு மக்களின் நிலத்தின் மீது எழுந்தது என்று மன்னர் ஐந்தாம் ஹரால்ட் 1997இல் ஸாமி நாடாளுமன்றத்தில் சொல்லி, கடந்தகாலக் கொடுமைகளுக்கு வருத்தம் தெரிவித்திருந்தார்.

எழுத்தில் எல்லாம் இருந்தது. உரிமத்துக்கான கோப்பு எந்த வரிசையில் நகர்ந்தது என்பதில்தான் கோளாறு.

2010 முதல் 2016 வரை: உரிமமும் முன்நுழைவும்

2010இல் நீர்வள எரிசக்தித் துறை உரிமம் வழங்கியது. மேய்ப்பர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2013 ஆகஸ்டில் அமைச்சகம் உரிமத்தை உறுதி செய்தது. பாதிப்பு உண்டு என்பதை அமைச்சகம் மறுக்கவில்லை. தணிப்பு நடவடிக்கைகள் எடுத்தால் அது 27ஆம் உறுப்பின் வரம்பைத் தாண்டாது என்பது அதன் கணக்கு. தாண்டாது என்று யார் சொன்னது, எந்த ஆண்டின் பனியை வைத்துச் சொன்னது என்ற கேள்விகள் அங்கேயே நின்றுபோயின.

2016 பிப்ரவரியில் முதலீட்டு முடிவு அறிவிக்கப்பட்டது. ஸ்தூர்ஹேயாவில் 80, ரோனில் 71 காற்றாலைகள்; திறன் முறையே 288 மெகாவாட், 255.6 மெகாவாட். மின் நிறுவனக் கூட்டமைப்பில் பெரும்பங்கு நார்வேயின் அரசு மின் நிறுவனத்துடையது. ஆக, உரிமம் கொடுத்ததும் அரசு, லாபத்தில் பங்கு பெறுவதும் அரசு, பிற்பாடு தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியதும் அரசு.

நார்வேச் சட்டத்தில், நிலத்துக்கான இழப்பீட்டைத் தனி மதிப்பீட்டு நீதிமன்ற நடைமுறை தீர்மானிக்கும். அது முடியும்வரை காத்திருக்காமல் நிலத்தில் இறங்க அமைச்சகம் 'முன்நுழைவு' அனுமதி கொடுக்கலாம். இங்கே கொடுத்தது. நிறுவனம் பாதை வெட்டியது, பாறையை வெடிவைத்துத் தகர்த்தது, கோபுரங்களை நிறுத்தியது. உரிமமே செல்லுமா என்ற கேள்வி மறுபக்கம் நீதிமன்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

நடுவில் ஒரு வாய்ப்பு வந்தது. 2018 டிசம்பரில் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, தெற்குக் குழுவினரின் புகாரை ஆராய்ந்து முடிக்கும்வரை ஸ்தூர்ஹேயா கட்டுமானத்தை நிறுத்தி வைக்குமாறு நார்வேயைக் கேட்டது. அரசு நிறுத்தவில்லை. அன்று நிறுத்தியிருந்தால் தாமதத்தோடு போயிருக்கும். ரோன் பூங்கா 2019இலும் ஸ்தூர்ஹேயா 2020இலும் முழுமையாக இயங்கத் தொடங்கின.

களத்தில் தெரிந்தது

காற்றாலை அருகே மான் மேயுமா, மேயாதா என்பதுதான் நீதிமன்றங்களில் அதிகம் வாதிடப்பட்ட உண்மைக் கேள்வி. கோபுரத்தடியிலேயே மான் நிற்கும் படம் எந்தப் பூங்காவிலிருந்தும் கிடைக்கும். ஒற்றை மான் நிற்பது வேறு, சினைமான்கள் உள்ள மந்தை வாரக்கணக்கில் நின்று மேய்வது வேறு. சினையாக இருக்கும் மானும் குட்டியோடு இருக்கும் மானும்தான் இடைஞ்சலுக்கு மிகவும் மிரளும். சுழலும் இறக்கையின் அசைவு, ஓசை, பனிக்காலத்தில் இறக்கையிலிருந்து தெறிக்கும் பனிக்கட்டி, பராமரிப்பு வண்டிகள், பாதைகள் எல்லாம் சேர்ந்து மந்தையைச் சுற்றுவட்டத்திலிருந்தே விலக்குகின்றன. கோபுர அடித்தளத்தின் சதுர மீட்டரை மட்டும் கூட்டிப் 'போன நிலம்' என்று கணக்குக் காட்டுவது இதனால்தான் தவறாகிறது.

2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிபுணர் சாட்சியங்களைக் கேட்டபின் தெளிவாகவே சொன்னது: இந்த இரண்டு இடங்களும் குளிர்கால மேய்ச்சலுக்குப் பயன்படாதபடி போய்விட்டன. ஆனாலும் உரிமம் செல்லும் என்றது. குளிர்காலத்தில் மான்களைப் பட்டியில் அடைத்துச் சுமார் 90 நாள் தீனி போட்டால் மந்தையைக் குறைக்காமல் தொழிலைத் தொடரலாம். அந்தச் செலவை நிறுவனம் கொடுத்தால் போதும் என்பது அதன் வாதம். அதன்படி இரு குழுக்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 9 கோடி குரோன் (நார்வே நாணயம்) இழப்பீடு விதித்தது. 2017இல் கீழ் நீதிமன்றம் தந்ததைவிட இது மிக அதிகம்.

பட்டித் தீனி என்பது மேசையில் எழுதுமளவு எளிதல்ல. பாசிக்குப் பழகிய இரைப்பைக்குத் திடீரென்று அடர்தீவனம் போட்டால் செரிமானம் கெட்டு மான் சாகும். நாள்கணக்கில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். நெருக்கியடைத்த பட்டியில் கண்நோய் போன்ற தொற்றுகள் வேகமாகப் பரவும். வலுத்த மான் தீனித்தொட்டியை வளைத்துக்கொள்ளும், மெலிந்தது மேலும் மெலியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு மூன்று மாதம் பட்டியில் வளரும் குட்டி எந்த முகட்டில் எப்போது பாசி கிடைக்கும் என்பதைத் தாயிடமிருந்து கற்பதில்லை. மேய்ப்பரின் பிள்ளைக்கும் அதே கதிதான்.

தீர்ப்பும் அதன் காரணங்களும்

மேய்ப்பர்கள் உச்ச நீதிமன்றத்தில் வைத்த முதல் கோரிக்கை, உரிமம் செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்பது. வென்றால் மதிப்பீட்டு நடவடிக்கையே ரத்தாகும். கையில் விதிக்கப்பட்டிருந்த 9 கோடியும் போகும். இது தெரிந்துதான் கேட்டார்கள். பணம்தான் அவர்கள் நோக்கம் என்று அப்போது சொன்னவர்கள் இந்த ஒரு விஷயத்தை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடுகளில் நான்கு இத்தகைய வழக்குகளை நடத்துவோருக்கு முக்கியமானவை. முதலாவது, பட்டித் தீனியை ஒரு தீர்வாகக் கணக்கில் எடுக்க முடியாது. அது இந்த அளவில் சோதித்துப் பார்க்கப்படாதது, மரபான மேய்ச்சல் முறைக்கும் பொருந்துமா என்பது உறுதியில்லை. அதை நீக்கிவிட்டுப் பார்த்தால், மந்தையைப் பெருமளவு குறைக்க வேண்டிவரும். அந்த அளவில் குடும்பங்கள் தொழிலில் நிலைக்க முடியாது. இரண்டாவது, ஒரு திட்டத்தின் பாதிப்பைத் தனித்துப் பார்க்கக் கூடாது, ஏற்கெனவே நடந்த ஆக்கிரமிப்புகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மூன்றாவது, மேய்ப்பர்களிடம் கலந்துபேசினோம் என்பது முக்கியம்தான், ஆனால் விளைவு இவ்வளவு கடுமையாக இருக்கும்போது கலந்துபேசியதாலேயே மீறல் இல்லாமல் போய்விடாது.

நான்காவதுதான் வெளிநாடுகளிலும் அதிகம் பேசப்பட்டது. பெரும்பான்மைச் சமூகத்தின் நன்மையோடு தராசில் வைத்து நிறுக்கும் உரிமை அல்ல 27ஆம் உறுப்பு. மற்றோர் அடிப்படை உரிமையோடு நேரடியாக மோதினால் மட்டுமே நிறுவைக்கு இடமுண்டு. பருவநிலையைக் காக்கும் மின்சாரம் அப்படியொன்று இல்லையா? பசுமை மின்சாரத்தின் தேவையை நீதிமன்றம் முழுமையாக ஏற்றது. ஆனால் இவ்வளவு பாதிப்பில்லாத மாற்று இடங்கள் பரிசீலனையில் இருந்தன. அவற்றைத் தேர்ந்திருந்தால் மோதலே வந்திருக்காது என்றது. பருவநிலையா பழங்குடியா என்று இந்த வழக்கைச் சுருக்குகிறவர்கள் தீர்ப்பின் இந்தப் பகுதியைத் தவற விடுகிறார்கள்.

காற்றாலைகளைப் பிரிக்க வேண்டுமா என்பது அந்த வழக்கில் கேட்கப்படவில்லை. கேட்காததற்கு நீதிமன்றம் பதில் சொல்லவில்லை.

500 நாள்

தீர்ப்பு வந்து மூன்றாம் நாள், அக்டோபர் 14 அன்று, புதிய அரசு பதவியேற்றது. உரிமம் செல்லாது என்றால் காற்றாலை போக வேண்டும் என்று பொருளல்ல, புதிய முடிவெடுக்க மேலும் ஆய்வு வேண்டும் என்ற நிலையை அது எடுத்தது. மேய்ப்பர்களின் கேள்வி எளிமையானது: மேல்முறையீட்டு நீதிமன்றம் நிபுணர்களை வைத்து ஆராய்ந்து, உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உண்மையை இன்னும் எதற்கு ஆராய வேண்டும்? நார்வேயின் தேசிய மனித உரிமைகள் நிறுவனம், மீறல் இன்னும் தொடர்கிறது என்று அரசுக்கு எழுதியது. அரசு அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லத் தயங்கியது. 'நடந்தது' என்றால் வருத்தம் தெரிவித்து முடித்துவிடலாம். 'நடந்துகொண்டிருக்கிறது' என்றால் நிறுத்த வேண்டிய கடமை வந்துவிடும்.

2023 பிப்ரவரி 23, தீர்ப்பின் 500ஆம் நாள். ஸாமி இளைஞர்களும் ஓர் இளையோர் சூழலியல் அமைப்பினரும் ஓஸ்லோவில் எரிசக்தி அமைச்சகத்தின் வரவேற்புக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பலர் தங்கள் மரபு உடையான 'காக்தி'யை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார்கள். தையலும் துணியின் மங்கலான மறுபுறமும் வெளியே தெரிய அந்த உடையை அணிவது ஸாமிகளிடையே எதிர்ப்பின் அடையாளம். 27ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் போலீசார் அவர்களைத் தூக்கி வெளியேற்றினார்கள். அடுத்த நாட்களில் பல அமைச்சகங்களின் வாயில்கள் மறிக்கப்பட்டன. மார்ச் 2 அன்று எரிசக்தி அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். மனித உரிமை மீறல் தொடர்கிறது என்பதைப் பிரதமர் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வினைச்சொல்லுக்கு ஏறத்தாழ 17 மாதங்கள் ஆகியிருந்தன.

அதே ஆண்டு அக்டோபரில், இரண்டாம் ஆண்டு நிறைவின் போராட்டத்தின்போது, மன்னரும் பட்டத்து இளவரசரும் போராட்டக்காரர்களைச் சந்தித்துக் கேட்டார்கள். அரசியலமைப்பின்படி மன்னர் அதற்குமேல் எதுவும் செய்ய முடியாது. வந்தவர்களுக்கும் அது தெரியும்.

உடன்பாடு

தேசிய சமரச அலுவலர் நடுவராக அமர்ந்தார். 2023 டிசம்பர் 19 அன்று தெற்குக் குழு மின் நிறுவனத்தோடும் அரசோடும் உடன்பாடு கண்டது. உரிமக்காலமான 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் குரோன் தருவது, 2026/27 குளிர்காலத்துக்குள் மாற்றுக் குளிர்கால மேய்ச்சல் நிலத்தை அரசு ஏற்பாடு செய்வது, 25 ஆண்டுக்குப் பின் உரிமத்தை நீட்டிக்க மேய்ப்பர்களின் சம்மதம் கட்டாயம் என்பன முக்கியக் கூறுகள். 2024 மார்ச் 6 அன்று வடக்குக் குழுவும் தன் உடன்பாட்டில் கையெழுத்திட்டது.

காற்றாலைகளைப் பிரித்தே தீர வேண்டும் என்று தெருவில் நின்ற பலருக்கு இது ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தை மேய்ப்பர்கள் மீது திருப்புவது நியாயமில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனு, ஆட்சேபம், வழக்கு என்று ஓடிக்கொண்டே மந்தையையும் பார்த்தவர்கள் அவர்கள். அடுத்த பத்தாண்டையும் வழக்கில் கழிப்பதா, பிள்ளைகளுக்கு மேய்ச்சலைக் கற்றுக்கொடுப்பதா என்ற தேர்வுக்கு அவர்களைத் தள்ளியது அரசு. மான் எண்ணிக்கைக்குச் சட்டபூர்வ உச்சவரம்பு உள்ள மாவட்டங்களுக்கு நடுவே புதிய குளிர்கால நிலம் எங்கே கிடைக்கும் என்பதும் சிக்கலான கேள்வி. வேறொரு குழு மேயாத நல்ல பாசி நிலம் சும்மா கிடப்பதில்லை.

எதை மாற்றியிருக்க வேண்டும்

முதன்மையானது வரிசை. உரிமத்தின் செல்லுபடி மீது வழக்கு இருக்கும்போது முன்நுழைவு அனுமதி தரக் கூடாது. இழப்பீட்டுத் தொகை பற்றிய தகராறு காத்திருக்கலாம், பணத்தைப் பிறகு கூட்டிக் கொடுக்க முடியும். உரிமை மீறலா என்ற தகராறு அப்படிப்பட்டதல்ல. கோபுரம் எழுந்தபின் 'இவ்வளவு முதலீட்டை எப்படிப் பிரிப்பது' என்பதே புதிய வாதமாகிவிடுகிறது. சட்டப்படி அதற்கு எடையில்லை, நடைமுறையில் எல்லாவற்றையும்விடக் கனமானது அதுதான்.

பாதிப்பு மதிப்பீட்டைச் சராசரி ஆண்டை வைத்துச் செய்ததும் பிழை. பனிக்கட்டி மூடிய மோசமான ஆண்டில் மந்தை எங்கே போகும் என்று ஒவ்வொரு குழுவிடமும் கேட்டு, அந்த இடங்களை வரைபடத்தில் தனியாகக் குறித்திருந்தால் ஸ்தூர்ஹேயாவும் ரோனும் முதல் சுற்றிலேயே விலக்கப்பட்டிருக்கும். மாற்று இடங்களின் ஒப்பீட்டிலும் லாபத்தோடு மோசமான ஆண்டின் மேய்ச்சல் பற்றிய இந்தக் கணக்கும் இடம்பெற்றிருக்க வேண்டும். தணிப்பு நடவடிக்கை என்று எதையாவது எழுதினால், அது அந்த மந்தையில், அந்த அளவில் செய்து பார்க்கப்பட்டதா என்ற சான்றும் கூடவே வேண்டும். பட்டித் தீனி அந்தச் சோதனையில் தேறியிருக்காது.

ஐ.நா. குழுவின் இடைக்கால வேண்டுகோளை ஏற்க மறுத்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிட்டு, அதை நீதிமன்றத்தில் அவசர மனுவாகக் கேள்விக்குட்படுத்த வழி இருக்க வேண்டும். 2018இல் அந்த வழி இருந்திருந்தால் கேள்வி முன்னதாகவே உச்ச நீதிமன்றத்தை எட்டியிருக்கலாம்.

வழக்கறிஞர்களுக்கும் ஒன்று உண்டு. உரிமம் செல்லாது என்ற கோரிக்கையோடு, செல்லாதென்றால் எந்த அதிகாரி, எத்தனை நாளுக்குள், என்ன செய்ய வேண்டும், அதுவரை காற்றாலை ஓடலாமா என்பதையும் மனுவிலேயே கேட்க வேண்டும். மதிப்பீட்டு வழக்கின் வடிவத்துக்குள் அதற்கு இடமில்லை என்றால் தனி வழக்காகப் பக்கத்திலேயே தொடுக்க வேண்டும். ஃபோசனில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் பொறுப்பாக்கப்படவில்லை. அதனால்தான் 500 நாள் யாருடைய தவணையும் தவறாமலேயே கழிந்தது.

2023 ஆகஸ்டில் அரசு வடக்கே ஃபின்மார்க்கில் மெல்கோயா எரிவாயு ஆலையை மின்மயமாக்க ஒப்புதல் அளித்தது. அதற்கான மின்பாதைகளும் புதிய காற்றாலைகளும் அங்குள்ள துருவமான் மேய்ச்சல் நிலங்களைத் தொடுகின்றன. மேலே சொன்ன வரிசையில் அந்தக் கோப்புகள் எந்தப் படியில் இருக்கின்றன, எங்காவது முன்நுழைவு கேட்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் இப்போது மேய்ப்பர்களின் வழக்கறிஞர்கள் முதலில் பார்க்க வேண்டும்.